காய்ச்சல் விட்ட ஏழாம் நாள்

மாடி அறையில் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் என் மகன் சரவணனுக்கு, கீழே படிக்கட்டின் மூன்றாம் படியில் உட்கார்ந்து உன் அம்மா எழுதுவது.

காலையில் நீ ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "யம்மா, காய்ச்சல் உட்டுடுச்சு. தலைக்கு ஊத்திக்கணும். வெந்நீர் வெச்சுக் குடு" என்று சொன்னாய். ஆறு நாளாகத் தூங்காமல் கிடந்த கவிதாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஓடிப் போய் அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றினாள். நான் பின்னாலேயே போய் அடுப்பை அணைத்தேன். "இன்னா அத்த, நல்லாயிடுச்சுன்னுதான சொல்றாரு" என்று அவள் திகைத்து நின்றாள். நான் குண்டானை இறக்கி வைத்தேன். மகனுக்குக் காய்ச்சல் விட்டது என்று கேட்டுப் பயந்து போகிற தாய் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் பயந்தேன் என்பதைத்தான் எழுத வந்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் என்ன கடிதம் எழுதுகிறாள், கிழவிக்கு மூளை குழம்பிவிட்டதா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்தாலே நீ காதில் விழாதபடி ஃபேனை ஐந்தில் வைத்துவிடுகிறாய். போன் போட்டால் கட் பண்ணிவிடுகிறாய். கதவைத் தட்டினால், "பாப்பாவுக்கு ஒட்டிக்கும், கீழ போம்மா" என்கிறாய். அது போக, நான் சொல்லப் போவதை வாயால் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ பாதியில் கத்திவிடுவாய். கத்தினால் உனக்கு மூச்சு வாங்கும். இன்றைக்கு உனக்கு மூச்சு வாங்கக் கூடாது. அதனால்தான் கஞ்சித் தட்டில் இந்தக் காகிதங்களை வைத்து அனுப்புகிறேன். கஞ்சி ஆறினால் ஆறட்டும். தட்டில் கைக்குட்டைக்குள் ஒரு பொருளும் இருக்கிறது. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைப் பிரி.

உன் அப்பாவின் கை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் நின்ற கை. பலகை போட்டு உப்பு வாரி வாரி விரல் நுனியெல்லாம் தடித்து, வெடித்து, ரேகையே இல்லாமல் போயிருந்தது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த புதிதில் நாங்கள் பட்ட பாட்டை நீ மஸ்கட்டில் இருந்துகொண்டு போனில் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். கட்டை விரலை வைத்தால் மெஷின் கத்தும். ஆள்காட்டி விரலை வைத்தால் கத்தும். கடைக்காரர் சலித்துக்கொண்டு, "ஏம்பா, வேற விரலு இருந்தா வை" என்பார். "இருக்கிறதே பத்துதான்யா, இன்னா கடன் வாங்கிட்டா வர்றது" என்பார் அப்பா. நான் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, எண்ணெய் தடவி, ஊதி, மறுபடி வைக்கச் சொல்வேன். சில மாதம் ஏழாவது விரலில் அரிசி கிடைக்கும், சில மாதம் பத்தாவது விரலில். "கவர்மெண்டுக்கு நான் இல்லாத ஆளுடி" என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். உப்பளத்துத் தெருவில் பாதிப் பேருக்கு அதே கதைதான். எங்கள் விரல் எந்த மெஷினுக்கும் பிடிபடாது என்பது எங்களுக்கு ஒரு வேடிக்கையாக, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு அதற்கு வருகிறேன்.

அந்தத் தொற்றுக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்க ஆள் எடுத்தபோது எனக்கும் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். பத்தாவது படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டார்கள். ஒரு நோட்டு, சூடு பார்க்கும் ஒரு மெஷின், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் ஒரு சின்ன மெஷின். துணி காயப்போடும் கிளிப் மாதிரி இருக்குமே, அதுதான். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நான் தெருவில் நடந்ததைப் பார்த்து உன் அப்பா, "டாக்டரம்மா வர்றாங்க, எல்லாரும் வழி உடுங்க" என்று கிண்டல் செய்வார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் உப்பளத்துத் தெருவில் அந்த விரல் மெஷின் என் மானத்தை வாங்கியது. ஒருவர் விரலில் மாட்டினால் வெறும் கோடு கோடாக வரும். இன்னொருவருக்கு எண்பத்தெட்டு என்று காட்டும், அவரோ அப்போதுதான் உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பீடி கேட்டுக்கொண்டு நிற்பார். மேலே இருந்த சூப்பர்வைசரிடம் கேட்டேன். "கையைத் துடைச்சு, தேய்ச்சு சூடு பண்ணி, விரல மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்கம்மா. நம்பர் ஒரு எடத்துல நிக்கிற வரைக்கும் பாக்கணும்" என்று தெளிவாகத்தான் சொன்னார். முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்தேன். வெயில், மாஸ்க்குக்குள் வேர்வை, அறுபது வீடு. மூன்றாம் நாளில் இருந்து, மெஷின் தகராறு செய்தால், "உப்பு விரலு, ஓடாது" என்று சொல்லிவிட்டு நானே தொண்ணூற்றேழு என்று எழுத ஆரம்பித்தேன். தொண்ணூற்றெட்டு என்று எழுதினால் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், தொண்ணூற்றைந்து என்றால் கேள்வி வரும். தொண்ணூற்றேழு வசதியான எண். அப்படி நான் எழுதிய வீடுகளில் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அது என் புண்ணியத்தால் இல்லை.

பிறகு நம் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு முதல் நாள் தலைவலி. வெயில் என்றார். உப்பு நன்றாக விளைகிற நேரம், மேகம் வேறு வந்து வந்து மிரட்டிக்கொண்டிருந்தது, இரண்டு நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்தியில்தான் நின்றார். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், பாசிட்டிவ் என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்லி, மூச்சு வாங்கினாலோ எண் இறங்கினாலோ உடனே கூப்பிடச் சொன்னார்கள். நான்காம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. உனக்கு நான் போனில் ஒழுங்காகத்தான் சொன்னேன். அதுவரைக்கும் உன்னிடம் பொய் இல்லை. நீ விமானம் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

ஏழாம் நாள் காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தார். நம்மில் காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவதுதானே வழக்கம். தலைக்கு ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது, அதற்குப் பிறகு படுத்திருப்பவன் சோம்பேறி. வெந்நீர் வைத்து ஊற்றினேன். துவட்டிவிட்டேன். டீ கேட்டார், குடித்தார். "மேகத்தைப் பாரு, நாளைக்குப் போயி வாரி வெக்கலனா அத்தினியும் கரைஞ்சிடும்" என்று பேச்சு உப்புக்குத் திரும்பிவிட்டது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நோட்டில் நம் வீட்டுக் கணக்கையும் எழுத வேண்டுமே என்று மெஷினை எடுத்து அவர் நடுவிரலில் மாட்டினேன். எண்பத்தாறு. கொஞ்ச நேரம் பார்த்தேன். எண்பத்தாறிலேயே நின்றது. தடுமாறவில்லை, கோடு வரவில்லை, அப்படியே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரேஷன் கடை மிசினுக்கே நான் ஆளு இல்ல. இதுக்கா ஆளாவப் போறேன்? அத எடுத்துப் போடுடி" என்றார். நானும் சிரித்தேன். எடுத்துப் போட்டேன். நோட்டில் அவர் பெயருக்கு நேராகத் தொண்ணூற்றேழு என்று எழுதினேன்.

சரவணா, இதைத்தான் உன்னிடம் ஐந்து வருடமாகச் சொல்லவில்லை. மாதா மாதம் அரிசிக்காக அந்த மனிதனின் பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தவள் நான். மூச்சுக்காக ஒரே ஒரு விரலோடு நிறுத்திவிட்டேன். மற்ற விரலை வைத்தால் வேறு எண் வரும் என்று நினைத்து நிறுத்தவில்லை. அதே எண் வந்துவிடுமோ என்ற பயம் உள்ளே எங்கோ இருந்தது. அது இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்திருந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

எட்டாம் நாள் எண்பத்துமூன்று. அன்றைக்கும் தொண்ணூற்றேழுதான் எழுதினேன். அவர் மூச்சுத் திணறவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை, சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் இல்லை. படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு தரம் நிறுத்தினார். இருமல் வந்தது என்று நினைத்தேன். சோறு வேண்டாம், மெல்லுவதற்கு அலுப்பாக இருக்கிறது என்றார். பசி மந்தம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் தோட்டத்துப் பக்கம் போக எழுந்தவர் முருங்கை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. வண்டியில் ஏறும்போதுகூட, "பாத்தியில பலகைய உட்டுட்டு வந்தேன், எடுத்து வெக்கச் சொல்லு" என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். உன் வயதுதான் இருக்கும். முகமே தெரியாத அளவுக்கு உறையும் கண்ணாடியும் போட்டிருந்தார். அப்பாவின் காது மடலில் ஒரு மெஷினை மாட்டிப் பார்த்தார், எழுபதுகளில் இருந்தது. பிறகு விரலைப் பஞ்சால் துடைத்து, தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடு பண்ணி, அதே நடுவிரலில் மாட்டினார். அதே எண். மெஷின் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நான் அந்தச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உப்பு விரல் என்று நான் சொன்னது அந்த விரலைத்தான். "எத்தனை நாளா இப்படி இருக்காரும்மா? வீட்டுல பாத்தீங்களா?" என்று கேட்டார். "இன்னிக்குத்தான்" என்றேன். அது நான் வாயால் சொன்ன முதல் பொய்.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். படத்தில் நுரையீரல் கறுப்பாக இருக்க வேண்டுமாம், அப்பாவுக்குப் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. அந்த டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கோபப்படாமல் விளக்கினார். "காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சிருப்பீங்க. முதல் வாரம் கிருமியோட ஆட்டம். ரெண்டாவது வாரம் கிருமி அடங்கிட்டு வரும், ஆனா அதை அடிக்கிறதுக்கு உடம்பு கிளப்பிவிட்ட வேகம் சிலருக்கு அடங்கறதில்ல. அது அவங்க நுரையீரலையே பொசுக்குது. இப்ப இவரை அடிக்கிறது பெரும்பாலும் இவரோட உடம்புதாம்மா" என்றார். ரத்தத்தில் அந்த எரிச்சலின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, அதை அடக்கத்தான் ஊசி போடுகிறோம், ஆக்ஸிஜனும் வைக்கிறோம், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லும்போது என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மூன்று நாள் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா போய்விட்டார்.

அன்றைக்கு நீ கூப்பிட்டாய். "எப்பிடிமா? காய்ச்சல் உட்டுடுச்சு, நல்லா இருக்காருன்னுதான சொன்ன, எப்பிடிமா?" என்று அந்தப் பக்கத்தில் இருந்து அலறினாய். எனக்கு நோட்டில் எழுதிய தொண்ணூற்றேழு கண் முன்னால் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு, "ஊசி போட்டாங்கடா. ஊசி போட்ட மூணாம் நாளு போயிட்டாரு" என்றேன். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டும் நடந்ததுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், மிச்சத்தை உன் மனசு கட்டிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து நீ வந்து இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போட்டாய். அந்தப் பெண் டாக்டரைப் பார்த்து, "எங்கப்பாவ ஊசி போட்டே கொன்னுட்டீங்க" என்று சொன்னாய். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையை நினைத்து இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காத நாள் உண்டு.

அந்தப் பொய்யை ஒரு நாள் துக்கத்துக்குச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். நீ அதை வீட்டுச் சட்டமாக்கிக்கொண்டாய். ஆரோவில்லில் கெஸ்ட் ஹவுசில் வயரிங் பார்க்கும்போது கை வெந்து வந்தாய், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஒரு மாதம் பல்லைக் கடித்தாய். கவிதாவுக்குப் பிரசவம் என்றபோது வாசலில் நின்று ஒவ்வொரு ஊசிக்கும் பெயர் கேட்டு நர்சுகளைப் படுத்தி எடுத்தாய். ஒவ்வொரு தரமும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். நீ, "அப்பாவுக்கு நடந்தது போதும்மா" என்பாய். மூடிக்கொள்வேன். மகன் ஆஸ்பத்திரியை வெறுப்பது, என்னை வெறுப்பதைவிடத் தேவலை என்று கணக்குப் போட்டேன். என்ன கேவலமான கணக்கு. நீ நன்றாக இருக்கும்வரை அதில் நஷ்டம் தெரியவில்லை. இந்த வாரம் தெரிகிறது.

உனக்குத் தெரியாமல் நான் ஒரு முறை அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அப்பாவின் பேப்பர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். நான் வீட்டில் பார்த்த எண்பத்தாறைச் சொன்னேன். உலகத்தில் நான் அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், இப்போது நீ இரண்டாவது. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அந்த ஊசி அவரைக் கொல்லலம்மா. அதுதான் அவருக்கு இருந்த வழி. அதையே முதல் நாள்ல போட்டிருந்தா தப்பு, கிருமியோட சண்டை போடற நேரத்துல உடம்போட கையைக் கட்டிப் போட்டமாதிரி ஆயிடும். மூச்சு இறங்க ஆரம்பிச்ச உடனே போட்டா நெறைய பேரு பொழைக்கிறாங்க" என்றார். "ரெண்டு நாளு முன்னாடி இட்டாந்திருந்தா?" என்று கேட்டேன். "அதைக் கேக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கொலைகாரி என்று நீ திட்டியவரின் கை அது.

நான் அதை எனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டேன். உப்பு விளைய வேண்டும் என்றுதான் பாத்தியில் தண்ணீர் கட்டுகிறோம். உப்பு இறங்கிய பிறகு மிச்சம் நிற்கிற தண்ணீர் கசப்பு. அதைத் திறந்து வெளியே விட்டாக வேண்டும், விடாமல் நிறுத்தினால் விளைந்த உப்பே கெட்டுப் போகும். எப்போது திறக்க வேண்டும் என்று அப்பா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். தன் உடம்புக்குள் அந்த நேரம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு மெஷின் சொன்னது, நான் கேட்கவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். இது அந்தக் காய்ச்சல் இல்லை, சீசன் காய்ச்சல், கெஸ்ட் ஹவுசில் நாலு பேருக்கு வந்து போய்விட்டது என்கிறாய். இருக்கலாம். எந்தக் கிருமி என்று எனக்கும் தெரியாது, மெடிக்கலில் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தவருக்கும் தெரியாது. அந்தக் கவரில் பெயர் இல்லாத சின்ன மாத்திரை ஒன்று இருக்கிறது என்று கவிதா சொன்னாள். காய்ச்சல் தானாக விட்டதா, அந்த மாத்திரை அமுக்கி வைத்திருக்கிறதா என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஏழாம் நாள் காய்ச்சல் விடுகிறவர்களில் நிறையப் பேர் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார்கள், அது எனக்குத் தெரியும். நீயும் அப்படித்தான் போவாய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன், காலையில் நீ பேசியதைக் கேட்காமல் இருந்திருந்தால். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன் பார். "யம்மா, காய்ச்சல் உட்டுடுச்சு" என்றாய். நிறுத்தினாய். "தலைக்கு ஊத்திக்கணும்" என்றாய். நிறுத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். "வெந்நீர் வெச்சுக் குடு" என்றாய். கவிதா சொல்லைக் கேட்டாள். நான் நடுவில் இருந்த இடைவெளியைக் கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் எட்டிப் பார்த்தபோதும் நீ படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பயமாக இருக்கிறது சரவணா. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் கோணலா எழுதற?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்பா உன்னை உப்பளத்தில் ஒரு நாளுக்கு மேல் இறங்க விடவில்லை. பதினாலு வயதில் லீவுக்கு வந்து பலகையைப் பிடித்தாய், சாயங்காலம் உன் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட போதும், இவன் கை இவனுக்கு வேணும்" என்று என்னிடம் சொன்னார். நீ அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. உன் விரலுக்கு ரேகை இருக்கிறது. போன் திறக்கிறது, ரேஷன் மெஷின் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்கிறது. உன் விரலில் வருகிற எண்ணைப் பார்த்துவிட்டு உப்பு விரல் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. நீயும் தப்பிக்க முடியாது.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி பெரிதாக ஒன்றும் இல்லை. தாங்கிக்கொள்வதைப் பெருமையாக நினைக்காதே, உன் அப்பா அப்படி நினைத்தார். மெஷினுக்குப் பிடிபடாத ஆள் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோமே, அந்தச் சிரிப்பை எங்களோடு விட்டுவிடு. உன் பெண்டாட்டியிடம் எதையும் நல்லபடியாக மாற்றிச் சொல்லாதே. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, பேசாமல் இரு, இந்த வீட்டை விட்டுப் போகச் சொல், போகிறேன். ஆனால் அதையெல்லாம் செய்ய நீ இருக்க வேண்டும். அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நான், நீ இல்லை. அதையும் நானே போய்க் கேட்கிறேன்.

கைக்குட்டையைப் பிரி. அதே மெஷின்தான், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்காமல் பீரோவில் ஒளித்து வைத்திருந்தேன். கவிதா புது பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறாள். என் விரலில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. கையைத் துணியில் துடை, நன்றாகத் தேய்த்துச் சூடு பண்ணு, நடுவிரலில் மாட்டி எண் ஒரு இடத்தில் நிற்கும் வரை பேசாமல் உட்கார். பிறகு அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு மறுபடி பார். இன்னொரு கையிலும் பார். தொண்ணூற்று நாலோ அதற்குக் கீழோ இருந்தால் அப்படியே இறங்கி வா. நல்ல எண் வந்தாலும் மூச்சு இப்படி வாங்கினால் டாக்டர் நெஞ்சைப் பார்க்க வேண்டும், அதுவும் இன்றைக்கே. வாசலில் கார் நிற்கிறது, எட்டிப் பார்த்தால் தெரியும். கவிதா துணிமணியைக் கட்டி வைத்துவிட்டாள். வெந்நீர் வைக்க மாட்டேன்.

எண்ணை உள்ளிருந்து கத்திச் சொல்லாதே, பொய்யாகச் சொல்லிவிடுவாய். அதுவும் தொண்ணூற்றேழு என்று சொல்லிப் பார்க்காதே, அந்த எண்ணை எழுதிப் பழகியவள் நான். மெஷினோடு விரலை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டு. நான் படியேறி வந்து நிற்கிறேன். கீழே பழைய நோட்டில் போடுகிற மாதிரியே கோடு போட்டு வைத்திருக்கிறேன், கடைசிக் கட்டம் மட்டும் காலி. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன்.

பெயர்: சரவணன்
வயது: முப்பத்துநாலு
காய்ச்சல் கண்டு: ஏழாம் நாள்
இப்போது காய்ச்சல்: இல்லை
எண்: